கையை எடுத்தால் கத்துகிற கார்: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வருகின்றன. புதுக் கார் வாங்கியிருக்கிறார்கள், அதில் 'அடாஸ்' என்கிற ஓட்டுநர் உதவி வசதி இருக்கிறது, தானே வேகத்தைக் குறைக்கிறது, தானே கோட்டுக்குள் ஓடுகிறது, ஆனால் ஓட்டுகிறவரைப் பார்த்து மட்டும் ஓயாமல் பீப் அடிக்கிறது. 2021-ல் மஹிந்திரா எக்ஸ்யூவி 700-ம் எம்ஜி ஆஸ்டரும் வந்த பிறகு இந்த வசதி நடுத்தர விலைக் கார்களிலும் பரவிவிட்டதால், நம் பக்கத்து ரோடுகளில் இப்போது இந்தச் சத்தம் சாதாரணமாகிவிட்டது. அதனால் மைலேஜ், டயர் கேள்விகளையெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், கோவித்துக்கொள்ள வேண்டாம்.

*

பெருந்துறையிலிருந்து சேலத்துக்கு அடிக்கடி போய் வருகிறேன். வண்டியைக் கோட்டுக்குள் வைத்திருக்கிற லேன் அசிஸ்ட் போட்டாலும் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டுதான் ஓட்டுகிறேன். அப்படியும் 'ஸ்டீயரிங்கைப் பிடியுங்கள்' என்று மீட்டரில் எழுத்து வருகிறது, பீப் அடிக்கிறது. சர்வீஸில் காட்டினால் எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறார்கள். ஏனுங்க, நான் பிடித்திருப்பது என் வண்டிக்கே தெரியாதா?
– ஜவுளி வியாபாரி, பெருந்துறை

தெரியாதுங்க. சர்வீஸில் சொன்னதும் பொய்யில்லை.

உங்கள் காரில் கை இருக்கிறதா இல்லையா என்று பார்க்கத் தனிக் கருவி எதுவும் இருக்க வாய்ப்பில்லை. எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங் உள்ள எல்லா வண்டியிலும் ஸ்டீயரிங் தண்டுக்குள் ஒரு மெல்லிய கம்பி இருக்கும், நீங்கள் திருப்பும்போது அது இம்மியளவு முறுக்கிக்கொள்ளும், அந்த முறுக்கை அளந்துதான் மோட்டார் எவ்வளவு உதவ வேண்டும் என்று முடிவு செய்கிறது. அதே அளவையே 'ஓட்டுநர் கை வைத்திருக்கிறாரா' என்பதற்கும் பயன்படுத்திக்கொள்கிறார்கள், கூடுதல் செலவில்லாத வழி என்பதால். ஆக, வண்டிக்குத் தெரிவது முறுக்கு மட்டும்தான். பவானி தாண்டி குமாரபாளையம், சங்ககிரி என்று ரோடு நேராகப் போகிற இடங்களில் நீங்கள் இரண்டு கையையும் இரண்டு பக்கமும் சமமாக, இலேசாக வைத்திருந்தால் ஒரு கையின் கனத்தை இன்னொரு கையின் கனம் சரிக்கட்டிவிடும். முறுக்கு இல்லை, அதனால் கையும் இல்லை என்று வண்டி எடுத்துக்கொள்கிறது. நன்றாக, அமைதியாக ஓட்டுகிறவருக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம்.

செய்ய வேண்டியது சின்ன விஷயம்தான். ஒரு கையை மட்டும் பக்கவாட்டில், கடிகாரத்தில் 9 இருக்கிற இடத்தில் வைத்து, அதன் கனத்தைக் கொஞ்சம் ஸ்டீயரிங்கின் மேல் விடுங்கள். அந்த அளவே போதும். பீப் வந்ததும் பதறிப்போய் வெடுக்கென்று ஆட்டுகிறவர்களைப் பார்க்கிறேன், அது வேண்டாம், பலமாகத் திருப்பினால் ஓட்டுநர் பொறுப்பெடுத்துவிட்டார் என்று லேன் அசிஸ்ட் ஒதுங்கிக்கொள்ளும்.

எவ்வளவு நேரத்தில் கத்த வேண்டும் என்பதற்குப் பல நாடுகள் ஏற்றுக்கொண்ட ஐ.நா. விதி ஒன்று இருக்கிறது. கையை எடுத்து 15 நொடிக்குள் மீட்டரில் படம் வர வேண்டும், 30 நொடிக்குள் அது சிவப்பாகி சத்தமும் சேர வேண்டும், அதற்கும் மசியாவிட்டால் அடுத்த 30 நொடிக்குள் தனி எச்சரிக்கையோடு லேன் அசிஸ்ட் விலகிக்கொள்ள வேண்டும். இதெல்லாம் உச்ச வரம்பு, கம்பெனிகள் இதைவிடச் சீக்கிரமே கத்தும்படி வைத்துக்கொள்ளலாம். முதல் 15 நொடியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், 100 கிலோமீட்டர் வேகத்தில் அது 400 மீட்டருக்கும் மேல். அவ்வளவு தூரம் யாரும் பிடிக்காமல் வண்டி ஓடிய பிறகு வருகிற முதல் படத்தைப் பார்த்து 'ஓவராகப் பண்ணுகிறது' என்று எனக்கு எழுதுகிறவர்களும் உண்டு.

இன்னொரு விஷயம். விலை கூடிய சில கார்களில் ஸ்டீயரிங்கைச் சுற்றித் தொடு உணர்வுப் பட்டை இருக்கும், செல்போன் திரை மாதிரி தோல் பட்டாலே தெரிந்துவிடும். அதன்மேல் ஆக்சசரீஸ் கடைக்காரர் 'சும்மா மாட்டி விடறேனுங்ணா' என்று தடிமனான ஒரு கவரைத் தைத்துவிட்டால் முடிந்தது கதை. உங்கள் வண்டியில் எந்த வகை என்று மேனுவலில் பார்த்துவிடுங்கள், கவர் போட்ட பிறகுதான் தொந்தரவு தொடங்கியதா என்றும் யோசியுங்கள்.

*

என் பங்காளி ஒருத்தர் ஸ்டீயரிங்கில் மாட்டுகிற எடைக்கட்டி ஒன்றை ஆன்லைனில் வாங்கிப் போட்டிருக்கிறார். பீப் வருவதே இல்லை, பெங்களூர் வரைக்கும் காலை மடக்கி உட்கார்ந்து போகிறேன் என்கிறார். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைச் செருகினாலும் போதுமாம். நானும் வாங்கலாமா?
– பனியன் கம்பெனி சூப்பர்வைசர், திருப்பூர்

வாங்காதீர்கள். உங்கள் பங்காளியிடமும் கழற்றி எறியச் சொல்லுங்கள், அவர் கேட்காவிட்டால் அவர் வண்டியில் ஏறாதீர்கள்.

மேலே பெருந்துறைக்காரருக்குச் சொன்னதைப் படித்தால் இது ஏன் வேலை செய்கிறது என்று புரிந்துவிடும். வண்டி தேடுவது முறுக்கை, அந்த முறுக்கை ஒரு பாட்டிலும் கொடுக்கும். பாட்டிலுக்குக் கண் இல்லை என்பதுதான் பிரச்சினை.

இது அமெரிக்காவில் நடந்து, விசாரித்து, எழுதி வைத்த கதை. 2016 மே மாதம் புளோரிடாவில் வில்லிஸ்டன் என்ற ஊருக்குப் பக்கத்தில், ஆட்டோபைலட் என்கிற தன் ஓட்டுநர் உதவி வசதியில் ஓடிக்கொண்டிருந்த டெஸ்லா மாடல் எஸ் கார் ஒன்று ரோட்டைக் குறுக்கே கடந்த டிரெய்லர் லாரியின் வயிற்றுக்குள் புகுந்து ஓட்டியவர் இறந்துபோனார். பிரேக்கை வண்டியும் பிடிக்கவில்லை, அவரும் பிடிக்கவில்லை. விசாரணையில் தெரியவந்தது, ஆட்டோபைலட் போட்டிருந்த 37 நிமிடத்தில் ஸ்டீயரிங்கில் கை இருந்ததாகப் பதிவானது வெறும் 25 நொடி. இடையிடையே வண்டி எச்சரித்திருக்கிறது, அவர் கொஞ்சம் தொட்டுவிட்டு மறுபடி எடுத்திருக்கிறார். ஸ்டீயரிங் முறுக்கை வைத்து ஓட்டுநரின் கவனத்தை அளப்பது சரியான வழியல்ல என்று அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2017-லேயே சொல்லிவிட்டது. 2018-ல் உங்கள் பங்காளி வாங்கியது மாதிரியான ஒரு எடைக்கட்டியை விற்ற கம்பெனியை விற்பனையை நிறுத்தச் சொல்லி அரசே உத்தரவு போட்டது. 2021-ல் டெஸ்லா காருக்குள் இருக்கும் கேமராவையும் ஓட்டுநரைக் கவனிக்கப் பயன்படுத்தத் தொடங்கியது. அதுவும் போதாமல் 2023 டிசம்பரில் அமெரிக்காவில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட டெஸ்லா கார்களுக்கு, ஓட்டுநரைக் கண்காணிக்கும் முறை போதவில்லை என்ற காரணத்துக்காகவே ரீகால் வந்தது, சாப்ட்வேர் அப்டேட்டாக. அவ்வளவு பெரிய கம்பெனி அத்தனை வருஷம் மல்லுக்கட்டியும் தீராத விஷயத்தை ஆன்லைனில் வாங்கிய கட்டி ஒன்று தீர்த்துவிட்டதாக உங்கள் பங்காளி நினைக்கிறார்.

சட்டமும் அவர் பக்கம் இல்லை. நம் ஊரில் வண்டி தானாக ஓடினாலும் ஓட்டுநர் ஓட்டுநர்தான். மோட்டார் வாகனச் சட்டம் 184-வது பிரிவின்படி ஆபத்தாக ஓட்டினால் முதல் முறைக்கே 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 'கார்தானே சாமி ஓட்டுச்சு' என்பதைக் கோர்ட்டில் சொல்லிப் பார்க்கலாம், சிரிப்பார்கள்.

*

எங்கள் அப்பாரு காங்கேயம் சந்தைக்குப் போய்விட்டு இருட்டுக்கட்டித் திரும்பும்போது வண்டியில் துண்டை விரித்துத் தூங்கிவிடுவார், மாடுகள் தாமாக வீடு வந்து சேர்ந்துவிடும். இருபது லட்சம் கொடுத்து வாங்கிய காருக்கு அந்த மாட்டுக்கு இருந்த புத்திகூட இல்லையா? தானே ஓடுகிற கார் என்று சொல்லி விற்றுவிட்டு, கண்ணை எடுக்காதே, கையை எடுக்காதே என்றால் என்ன நியாயம்?
– விவசாயி, காங்கேயம்

இந்த வாரத்தின் நல்ல கேள்வி உங்களுடையதுதான். மாட்டுக்கு இருந்த புத்தி காருக்கு இல்லை, சத்தியமான வார்த்தை. மாட்டுக்கு வழி தெரியும், வீடு தெரியும், முக்கியமாகக் கிணற்றில் விழக்கூடாது என்று அதற்கே அக்கறை உண்டு. போதாததற்கு அது போனது நடை வேகம். உங்கள் கார் இரண்டு கோட்டையும் முன்னால் போகிற வண்டியையும் மட்டும் பார்த்துக்கொண்டு 100-ல் போகிறது.

விற்கிறவர்கள் சொல்லுவதில் பாதியைத் தள்ளிவிட்டுக் கேளுங்கள். தானியங்கித் தன்மையை 0 முதல் 5 வரை ஆறு படிகளாக எஸ்ஏஇ என்ற பொறியாளர் அமைப்பு 2014-ல் பிரித்து வைத்தது. நம் ஊரில் விற்கிற அடாஸ் கார்கள் அதிகபட்சம் இரண்டாம் படி. அதில் ஸ்டீயரிங்கையும் வேகத்தையும் சேர்த்து வண்டி பார்த்துக்கொண்டாலும், ரோட்டைப் பார்க்க வேண்டியது முழுக்க ஓட்டுநர்தான். மூன்றாம் படியில்தான் குறிப்பிட்ட சூழ்நிலையில் கண்ணை எடுக்கலாம். 2021-ல் ஜப்பானில் ஹோண்டா லெஜண்ட் அப்படி வந்தது, அதுவும் 100 கார்கள் மட்டும், வாடகைக் குத்தகையில், ஹைவே டிராபிக் நெரிசலில் மட்டும். அடுத்த வருஷம் ஜெர்மனியில் மெர்சிடிஸ் கொண்டு வந்தபோது 60 கிலோமீட்டர் வேகம் வரைதான் அனுமதி. அந்த மூன்றாம் படியிலேயே தூங்க முடியாது. வண்டி கூப்பிட்டால் சில நொடியில் வாங்கிக்கொள்ள வேண்டும், அதற்காக அங்கேயும் கேமரா முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்.

நியாயம் பற்றிக் கேட்டீர்கள். என் அபிப்பிராயத்தில் இரண்டாம் படி என்பதே ஓட்டுநரிடம் கஷ்டமான வேலையைக் கொடுத்துவிட்டு சுலபமான வேலையை எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு. ஓட்டுவது சுலபம், கையும் காலும் எதையாவது செய்துகொண்டே இருப்பதால் மனசும் கூடவே இருக்கும். ஒன்றுமே செய்யாமல், ஒன்றுமே நடக்காத ஒரு விஷயத்தை மணிக்கணக்காகக் கண்கொட்டாமல் பார்ப்பதுதான் மனிதனால் முடியாதது. இது 1948-லேயே தெரிந்த சங்கதி. இரண்டாம் உலகப் போரில் ரேடார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எதிரியைக் கோட்டை விட்டது ஏன் என்று தெரிந்துகொள்ள, நார்மன் மேக்வொர்த் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் ஒரு கடிகாரம் செய்தார். முள் ஒவ்வொரு படியாகத் துள்ளும், எப்போதாவது ஒருமுறை இரண்டு படி சேர்த்துத் துள்ளும், அப்போது பட்டனை அமுக்க வேண்டும். அரை மணி நேரத்துக்குள்ளேயே ஆட்கள் அந்தத் துள்ளலைத் தவற விடத் தொடங்கினார்கள். அவர்கள் சோம்பேறிகள் இல்லை, மூளை அப்படித்தான் வேலை செய்கிறது.

அதனால் கார் கத்துவது உங்கள் மேல் சந்தேகப்பட்டு அல்ல, உங்களைப் பார்வையாளராக உட்கார வைத்துவிட்டோமே என்ற பயத்தில். நான் என்ன செய்கிறேன் என்றால், முன்னால் போகிற வண்டிக்கு ஏற்ப வேகத்தைத் தானே பார்த்துக்கொள்கிற அடாப்டிவ் குரூஸை வைத்துக்கொண்டு லேன் அசிஸ்டை அணைத்துவிடுகிறேன். கால் ஓய்வெடுக்கும், கை வேலை செய்யும், கண் தானாக ரோட்டில் இருக்கும்.

*

நேற்று ராத்திரி நன்றாகத் தூங்கியிருந்தேன். தாராபுரத்திலிருந்து உடுமலை போகும் வழியில் மத்தியானம் மூன்று மணிக்கு மீட்டரில் காபி கோப்பை படம் வந்து 'ஓய்வெடுங்கள்' என்கிறது. எனக்குத் தூக்கமே வரவில்லை. வண்டிக்கு எப்படி வந்தது?
– பள்ளி ஆசிரியை, உடுமலை

முதலில், அந்தக் கோப்பை உங்கள் கண்ணைப் பார்த்து வந்ததல்ல. உள்ளே கேமரா இல்லாத கார்களில் நீங்கள் ஸ்டீயரிங்கைத் திருப்புகிற விதத்தை வைத்துத்தான் கணிக்கிறார்கள். தூக்கம் சொக்குகிறவர் கொஞ்ச நேரம் ஒன்றுமே திருத்தமாட்டார், வண்டி மெல்ல விலகும், திடீரென்று சுதாரித்து வெடுக்கென்று திருத்துவார். மெர்சிடிஸ் 2009-ல் இந்த முறையைக் கொண்டு வந்தபோது காபி கோப்பைப் படத்தையும் சேர்த்துக் கொண்டு வந்தது, இப்போது பல கம்பெனிகளும் அதையே போடுகின்றன. கூடவே எத்தனை நேரமாக ஓட்டுகிறீர்கள், மணி என்ன என்பதையும் பல வண்டிகள் கணக்கில் சேர்க்கும்.

இப்போது உங்கள் வழியைப் பாருங்கள். தாராபுரம், உடுமலைப் பக்கம் காற்றாலைகளை எதற்காக நட்டார்கள்? பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து வருகிற காற்று, அதுவும் ஆனி ஆடியில், காரைப் பக்கவாட்டில் பிடித்துத் தள்ளும். நீங்கள் வெடுக் வெடுக்கென்று திருத்திக்கொண்டே வருவீர்கள். குழி தவிர்த்து ஓட்டினாலும் அப்படித்தான். வண்டிக்கு அது தூங்கி விழுகிற ஆள் மாதிரி தெரியலாம். ஆக, தப்பான அலாரமாக இருக்க நிறைய வாய்ப்பு.

ஆனால் மூன்று மணி என்கிறீர்களே, அதுதான் என்னை இடிக்கிறது. உடம்புக்கு ஒரு நாளில் இரண்டு இறக்கம் உண்டு, பெரியது அதிகாலை 2 முதல் 5 மணி, சின்னது மத்தியானம் 2 முதல் 4. ராத்திரி எவ்வளவு தூங்கியிருந்தாலும் இந்தச் சின்ன இறக்கம் வரும், கல்யாண வீட்டில் பந்தியை முடித்துவிட்டுக் கிளம்பியிருந்தால் கேட்கவே வேண்டாம். தூக்கம் வருகிறது என்று ஒருவருக்குத் தெரிவதற்கு முன்பே இரண்டு மூன்று நொடி மூளை அணைந்து எரியும், கண் திறந்தே இருக்கலாம். 100-ல் மூன்று நொடி என்றால் 80 மீட்டருக்கும் மேல், யாருமே ஓட்டாத வண்டி.

அதனால் காற்றடிக்கிற நாளில் கோப்பை வந்தால் விட்டுவிடுங்கள், காற்றில்லாத நாளில் நல்ல ரோட்டில் வந்தால் நம்புங்கள். ஜன்னலைத் திறப்பது, பாட்டைச் சத்தமாக வைப்பது, கன்னத்தில் அறைந்துகொள்வது எதுவும் சில நிமிடத்துக்கு மேல் நிற்காது. பேக்கரி எங்கேயும் இருக்கிறது நம் பக்கம், நிறுத்தி ஒரு காபி குடித்துவிட்டு உடனே சீட்டைச் சாய்த்து 20 நிமிடம் கண்ணை மூடுங்கள். காபி உடம்பில் ஏற அரை மணி நேரம் போல ஆகும், தூங்கி எழும்போது இரண்டும் சேர்ந்து வேலை செய்யும். காபி குடித்துவிட்டுத் தூக்கமா என்று மாமியார் கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள்.

*

எங்களுடையது லாரித் தொழில். புது வண்டிகளில் டிரைவரைப் பார்க்கிற கேமரா போட்டோம். கொட்டாவி விட்டால்கூட என் போனுக்கு வந்துவிடுகிறது. டிரைவர்கள் அதன்மேல் டேப் ஒட்டிவிடுகிறார்கள், கேட்டால் மப்ளர் கட்டினாலும் கத்துகிறது, கூலிங் கிளாஸ் போட்டாலும் கத்துகிறது என்கிறார்கள். அபராதம் போடலாமா?
– லாரி உரிமையாளர், நாமக்கல்

போடாதீர்கள். டேப் ஒட்டுகிறவர்கள் சொல்லுவதில் உண்மை இருக்கிறது.

அந்தக் கேமரா இருட்டிலும் பார்ப்பதற்காகக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை முகத்தில் அடிக்கும். இமை எவ்வளவு நேரம் மூடியிருக்கிறது என்பதுதான் அதற்கு முக்கியக் கணக்கு. ஒரு நிமிடத்தில் இமை கருவிழியை ஐந்தில் நான்கு பங்கு மறைத்திருந்த நேரம் எவ்வளவு என்று கூட்டும், தலை தொங்குகிறதா, பார்வை எங்கே போகிறது என்றும் பார்க்கும். எல்லாக் கூலிங் கிளாஸும் தொந்தரவில்லை, சில கண்ணாடிகள் அகச்சிவப்பை விடாது, அப்போது கண்ணே இல்லாத ஆளாகத் தெரிவார். மார்கழி அதிகாலையில் மப்ளரை மூக்கு வரைக்கும் இழுத்துக் கட்டினாலும் அதற்கு முகம் கிடைக்காது. டிரைவர் ஏறி உட்கார்ந்ததும் சீட்டைச் சரி செய்து, கேமராவை அவர் உயரத்துக்குத் திருப்பி வைத்தாலே பாதிச் சத்தம் அடங்கும். ஒரே வண்டியில் குள்ளமானவரும் நெட்டையானவரும் மாறி மாறி ஓட்டினால் இதை யாராவது சொல்லித்தர வேண்டும்.

இது நம் பக்கத்தில் விளையாட்டு விஷயமில்லை. 2020 பிப்ரவரி 20 அதிகாலை அவிநாசி பக்கத்தில் கண்டெய்னர் லாரி ஒன்று நடுத்தடுப்பைத் தாண்டி எதிரே வந்த கேரள அரசு பஸ்ஸில் மோதி 19 பேர் போனார்கள். லாரி டிரைவர் கண்ணசந்ததுதான் காரணம் என்று அப்போது சொல்லப்பட்டது. லாரி, பஸ்களில் தூக்க எச்சரிக்கைக் கருவியைக் கட்டாயமாக்க மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2025-ல் வரைவு விதியும் வெளியிட்டது. ஐரோப்பாவில் 2024 ஜூலையிலிருந்து விற்கிற எல்லாப் புது வண்டியிலும் இது இருந்தாக வேண்டும்.

ஆனால் கேமரா கண்டுபிடிப்பது தூக்கத்தை, தூக்கத்துக்கான காரணத்தை அல்ல. அது உங்கள் நடைக் கணக்கில் இருக்கிறது. 2025 வரை அமலில் இருந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், தொடர்ந்து 5 மணி நேரம் ஓட்டினால் குறைந்தது அரை மணி ஓய்வு என்று எழுதி வைத்துவிட்டது. எத்தனை வண்டியில் மாற்று டிரைவர் போகிறார் என்று உங்களுக்கே தெரியும். கருவி அனுப்புகிற அலாரத்தை அபராதத்துக்குப் பயன்படுத்தினால் டேப்தான் ஒட்டுவார்கள். அதையே, இந்த லைனில் இத்தனை மணிக்கு எல்லா டிரைவருக்கும் அலாரம் வருகிறது, லோடு இறக்குகிற நேரத்தைத் தள்ளி வைக்கலாம் என்று நீங்கள் படித்துப் பார்த்தால் போட்ட காசு வசூலாகிவிடும். அலாரம் வந்ததும் ஓரங்கட்டித் தூங்கியவருக்குப் படியில் கொஞ்சம் கூட்டிக் கொடுத்துப் பாருங்கள், டேப் தானாக உரிந்துவிடும்.

*

நீலம்பூரில் ஏறி மதுக்கரை போகிற பைபாஸில் என் கார் பைத்தியம் பிடித்த மாதிரி நடந்துகொள்கிறது. ஸ்டீயரிங்கைப் பிடித்து இழுக்கிறது, திடீரென்று பிரேக் அடிக்கிறது, பின்னால் வருகிறவர் திட்டுகிறார். எல்லாவற்றையும் அணைத்துவிடட்டுமா?
– கோயம்புத்தூர் வாசகர்

எல்லாவற்றையும் வேண்டாம்.

அந்த ரோட்டில் நடுத்தடுப்பு இல்லாத இருவழி நீளத்தில் எதிரே லாரி முந்திக்கொண்டு வரும், ஓரத்தில் டிவிஎஸ் எக்ஸ்எல் எதிர்த்திசையில் வரும், கோடு சில இடத்தில் இருக்கும், சில இடத்தில் இருந்த தடம் மட்டும் இருக்கும். கோட்டை நம்பி ஓடுகிற கருவிக்கு அங்கே வேலையில்லை. நீங்கள் எக்ஸ்எல்காரருக்கு ஒதுங்க இண்டிகேட்டர் போடாமல் கோட்டைத் தாண்டினால் வண்டி உங்களை மறுபடி அவர் பக்கமே இழுக்கும். லேன் அசிஸ்டையும் அடாப்டிவ் குரூஸையும் அங்கே அணைத்துவிடுங்கள். நடுத்தடுப்பும் தெளிவான கோடும் உள்ள நான்குவழி ரோட்டுக்கு வந்த பிறகு போட்டுக்கொள்ளலாம். மோதல் எச்சரிக்கையையும் அவசர பிரேக்கையும் அணைக்காதீர்கள், உணர்திறனை மட்டும் ஒரு படி குறைத்து வையுங்கள்.

ஓட்டுநர் கவன எச்சரிக்கையை எந்த ரோட்டிலும் தொட வேண்டாம். அது வண்டியை இழுப்பதும் இல்லை, பிரேக் அடிப்பதும் இல்லை, கத்துவதோடு சரி. காதுக்கு எரிச்சல் என்று மற்றவற்றோடு சேர்த்து அதையும் அணைத்துவிடுகிறவர்கள்தான் அதிகம்.

*

ஸ்டீயரிங்குக்குப் பின்னால் கேமரா இருக்கிற கார். போனை மடியில் வைத்துப் பார்த்தால்கூட உடனே கண்டுபிடித்துவிடுகிறது. நான் ஒரு பார்வைதானே பார்க்கிறேன்? அப்புறம், உள்ளே நாங்கள் பேசுவது, சண்டை போடுவது எல்லாம் பதிவாகுமா?
– கோபி வாசகர்

அந்த 'ஒரு பார்வை'யை அளந்திருக்கிறார்கள். ஐரோப்பிய விதிப்படி 50 கிலோமீட்டருக்கு மேல் போகும்போது பார்வை கீழே மூன்றரை நொடி நின்றுவிட்டால் வண்டி எச்சரிக்க வேண்டும். 60-ல் போனால் அது கிட்டத்தட்ட 58 மீட்டர். கோபி கடைவீதியில் 58 மீட்டருக்குள் யார் யார் குறுக்கே வருவார்கள் என்று உங்களுக்கே தெரியும். வண்டி கத்தினால் போனைத்தான் தூர வைக்க வேண்டும்.

பதிவு விஷயத்தில், அதே ஐரோப்பிய விதி இந்தக் கருவிகள் தொடர்ந்து பதிவு செய்யக்கூடாது, தேவைக்கு மேல் தகவலை வைத்திருக்கக்கூடாது, மற்றவர் கைக்குப் போகக்கூடாது என்கிறது. கார்களில் பெரும்பாலும் படத்தை அங்கேயே அலசிவிட்டு விட்டுவிடுவார்கள். வெளியில் வாங்கி மாட்டுகிற கேமராக்கள் வேறு கதை, மேலே நாமக்கல்காரரின் போனுக்குக் கொட்டாவியெல்லாம் போகிறதே. செட்டிங்ஸில் கேமரா என்ற பக்கத்தைத் திறந்து, பதிவு, பகிர்வு என்று எதையாவது ஆன் செய்து வைத்திருக்கிறார்களா என்று ஒருமுறை பாருங்கள். சண்டையை வீட்டுக்குப் போய்ப் போடுவது எல்லா வகையிலும் நல்லது.

*

திம்பம் மலைப்பாதையில் அடாஸ் போட்டு ஏறலாமா?
– சத்தியமங்கலம் வாசகர்

27 கொண்டை ஊசி வளைவு. லேன் அசிஸ்டும் குரூஸும் வேண்டவே வேண்டாம், அடிவாரத்திலேயே அணைத்துவிடுங்கள்.

*

ஆயுத பூஜைக்குப் பிறகு காரில் 'முன்புற ரேடார் மறைக்கப்பட்டுள்ளது' என்று வருகிறது. அடாப்டிவ் குரூஸ் வேலை செய்யவில்லை. பூஜைக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமா?
– ஈரோடு வாசகர்

நிச்சயமாக இருக்கும். பல கார்களில் ரேடார் முன்னால் கம்பெனி லோகோவுக்குப் பின்னாலோ கீழ் கிரில்லுக்குள்ளோ இருக்கிறது. நாம் சந்தனத்தை அள்ளிப் பூசிக் குங்குமம் வைப்பதும், மாலையைக் கட்டித் தொங்கவிடுவதும் சரியாக அந்த இடத்தில்தான். சந்தனம் காய்ந்து ஏடு கட்டிவிட்டால் ஈரத் துணியை வைத்து ஊற விட்டுத் துடையுங்கள், நகத்தாலோ கத்தியாலோ சுரண்ட வேண்டாம். கண்ணாடியின் நடு உச்சியில், ரியர்வியூ மிரருக்குப் பின்னால் இருக்கிற கேமரா முன்னாலும் பட்டையோ பொட்டோ இருக்கிறதா என்று பாருங்கள், சாமி ஸ்டிக்கரும் அங்கே வேண்டாம். துடைத்த பிறகும் எழுத்து போகாவிட்டால் சர்வீஸில் காட்டுங்கள், ரேடார் கோணம் மாறியிருக்கலாம். அடுத்த வருஷம் பொட்டைப் பானெட்டின் மேல் வைத்துக்கொள்ளுங்கள், எலுமிச்சம்பழம் டயருக்குக் கீழே இருப்பதால் அதற்கு ஆட்சேபணை இல்லை.